வாங்கிய விலைக்காரர்

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். அவரிடம் ஏதோ ஒரு கம்பெனியின் ஷேர் இருக்கும். அந்த ஷேர் இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் அதை விற்கமாட்டார். ஏன் விற்கவில்லை என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கின விலை வரட்டும்" என்பார். இப்படி ஒருவர் கண்ணில் பட்டால் பயப்படாதீர்கள், கடிக்கமாட்டார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாங்கிய விலைக்காரர்.

இவரைச் சூதாடி என்று நினைத்துவிட வேண்டாம், பாவம். சூதாடிக்குத் தான் தோற்றது தெரியும். இவருக்குத் தெரியாது. இவருடைய சாஸ்திரப்படி விற்றால்தான் நஷ்டம்; விற்காதவரை அதற்குப் பெயர் வேறு. நூற்று எண்பதுக்கு வாங்கியது நூற்றுப் பத்தில் வந்து நின்றாலும் நஷ்டம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து உங்களால் வரவழைக்க முடியாது. "கொஞ்சம் கீழ இருக்கு" என்பார், ஏதோ பிள்ளை மாடியிலிருந்து இறங்கிப் பால் வாங்கப் போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்கிற தோரணையில்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் சோப்பு சார். வேலை, லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட் ஒழுங்காக ஏறுகிறதா, இறங்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு மூடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மனிதர். கம்பிக் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் சீல் வைத்துவிடுவார். காலில் விழுந்தாலும் மசியமாட்டார். அப்பேர்ப்பட்டவர், தன் ஷேர் இரண்டு வருடமாக ஒரு மாடியிலும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருப்பதை மட்டும் சாதாரண அசைவு என்கிறார். இதற்கு யார் சீல் வைப்பது?

அந்தக் கம்பெனி குளியல் சோப்பு, பற்பசை, பாத்திரம் தேய்க்கும் கட்டி, தலைக்கு எண்ணெய் எல்லாம் செய்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சோப்பு இல்லாத குளியலறை கிடையாது. இப்போது குளியலறைகள் இருக்கின்றன. சோப்பு சார் அந்த ஷேரை வாங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதை அவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட எவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கார் வாங்காமல் இருப்பான், டிவி வாங்காமல் இருப்பான், மனுஷன் குளிக்காமல் இருப்பானா? குளிக்கமாட்டான் என்று எப்படிச் சொல்வது? சரி, குளிப்பான், இந்தக் கம்பெனி சோப்பைப் போட்டுத்தான் குளிப்பானா என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் ஐந்தாவது மாடி வந்துவிடும், தப்பித்தோம் என்று இறங்கிவிடுவார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி ரிசல்ட் வெளியிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை குறைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோப்பு சாரிடம் அதற்கு ஒரு காரணமும் தயாராக இருக்கும். ஒருமுறை மழை அதிகம், ஜனங்கள் மழையிலேயே நனைந்துவிட்டார்கள், தனியாகக் குளிக்கவில்லை. அடுத்த முறை மழை இல்லை, தண்ணீர்ப் பஞ்சம், எப்படிக் குளிப்பார்கள்? அதற்கடுத்த முறை மூலப்பொருள் விலை. நான்காவது முறை கம்பெனி ஒரு காரணமும் சொல்லாமல் கம்மென்று இருந்துவிட்டது. அவரோ, வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்றால் பெரிதாக ஏதோ செய்யப்போகிறார்கள் என்று குதூகலமாக இருந்தார். சோப்புக் கட்டி வேறு வருடா வருடம் இளைத்துக்கொண்டே வந்தது. நடுவில் குழி விழுந்து, ஓரம் தேய்ந்து, புதிதாகப் பிரித்தாலே யாரோ நாலு நாள் போட்டுக் குளித்துவிட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. செலவைக் குறைக்கிறார்கள், நல்ல நிர்வாகம் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

வீட்டில் அந்தக் கம்பெனி சாமானைத் தவிர வேறு எதற்கும் நுழைய அனுமதி இல்லை. காலேஜில் படிக்கும் மகள், தலைக்குப் போடும் ஷாம்பூவைப் புத்தகப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு கடத்தல்காரியாகக் காலம் தள்ளுகிறாள். மற்றவர் வீடுகளுக்கு வந்தாலும் சோப்பு சாரின் கண் ஓரிடத்தில்தான். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சௌக்கியம் விசாரித்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; நீங்கள் எந்தச் சோப்புப் போடுகிறீர்கள் என்று பார்க்கப் போகிறார். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தால் காரணம் உங்கள் சோப்பு டப்பா. என் வீட்டுக்கு வருவார் என்று தெரிந்தால் நான் முன்கூட்டியே கட்டியை மாற்றிவிடுவேன். அக்கம்பக்கம் என்று இருந்தால் அனுசரித்துத்தானே போகவேண்டும்?

பெரிய கடைகளில் அவர் செய்கிற கைங்கரியம் தனி. அடித்தட்டில் முட்டிக்குக் கீழே கிடக்கும் தன் கம்பெனி சோப்புகளைக் குனிந்து குனிந்து எடுத்து, கண் மட்டத்துத் தட்டில் இருக்கும் போட்டிக் கம்பெனி சோப்புகளுக்கு முன்னால் சுவர் எழுப்பிவிட்டு, இரண்டடி பின்வாங்கி நின்று அழகு பார்ப்பார். ஒருமுறை கடைச் சிப்பந்தி அவரைப் புதிதாகச் சேர்ந்த ஊழியர் என்று நினைத்து, பினாயில் பாட்டில்களையும் அடுக்கச் சொல்லிவிட்டான். அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். பினாயிலும் நம்முடைய கம்பெனிதான் என்றார்.

வருடாந்திரக் கூட்டத்துக்குப் போய்வந்த கதையையும் கேளுங்கள். ஷேர் வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தவர், விற்பனை ஏன் படுத்துக் கிடக்கிறது என்று கேட்பதற்காகத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தவர், மைக்கைக் கையில் வாங்கியதும் உணர்ச்சிவசப்பட்டுத் தலைவரின் உடல்நலத்தை விசாரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் நன்றி சொன்னார். "என்னை நேராப் பாத்து சொன்னார்" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது ஒரு பை கொடுத்தார்களாம். உள்ளே என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? இரண்டு கட்டி.

இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த ஷேர்க்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. பெயர் 'நம்பிக்கை நாற்பது'. நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். பெயரை மாற்றினால் ராசி போய்விடும் என்று விட்டுவிட்டோம். ஆமாம், நானும்தான். ஆராய்ச்சிக்காக.

அந்தக் குழுவில் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இல்லை. கம்பெனியை யாரோ வெளிநாட்டுக்காரன் வாங்கப்போகிறான் என்று ஒருவர் இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார்; அவர் மச்சான், கம்பெனிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்க்கிறார், அதனால் தகவல் கெட்டியானது. கோடு வாத்தியார் என்று இன்னொருவர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். விலை ஏறி இறங்கிய படத்தின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இதற்குக் கீழே இனி போகாது என்று காலையில் அனுப்புவார். மாலையில் போயிருக்கும். மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் கீழே புதுக்கோடு வரும். கோட்டைத் தாண்டியது விலையின் குற்றம், கோட்டின் குற்றம் இல்லை. யாராவது தப்பித்தவறி, வித்துடலாமா என்று கேட்டால் போச்சு. நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தேற்று தேற்று என்று தேற்றி, அவர் மேலும் ஐம்பது ஷேர் வாங்கிய பிறகுதான் விடுவோம்.

அப்படி மேலும் வாங்குவதற்கு ஆவரேஜ் பண்ணுவது என்று பெயர். விலை ஏறி வந்து வாங்கிய விலையைத் தொடாவிட்டால் என்ன, கீழ்விலையில் இன்னும் கொஞ்சம் வாங்கி, வாங்கிய விலையின் சராசரியை இறக்கிக் கீழே கொண்டுவந்துவிடலாமே. யோசனை பிரமாதம்தான். ஒரே ஒரு சங்கடம், நாம் இறங்கி வருவதைப் பார்த்ததும் விலை இன்னும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

இதுவரை சிரித்தீர்கள், சரி. இப்போது சோப்பு சார் வீட்டு அக்காவை, அதாவது அவர் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். எட்டடிக்குப் பத்தடி அறை. ஒரு ஆள் உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்கவேண்டும். பால், தயிர், காய்கறி வைக்கக் குளிர்ப்பெட்டி போட இடமில்லை. அதனால் அதற்கெல்லாம் ஜனங்கள் பெரிய கடைக்குப் போகிறார்கள். போனவர்கள் அரிசி பருப்பையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இப்படியே போனால் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று அக்கா என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் தையல்காரர் இருந்தார். அவர் மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்ததும், கட்டடக்காரர் முதலில் அக்காவிடம்தான் கேட்டார். பத்து நாளைக்குள் அட்வான்ஸ் வந்தால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் செல்போன் கவர் விற்பவர் காத்திருக்கிறார்.

அட்வான்ஸுக்குப் பணம் இருந்தது. நாலு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதில் பெரும்பகுதியை, பேங்கில் சும்மாதானே தூங்குகிறது, ஆறே மாதம் என்று சோப்பு சார் இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கிச் சோப்பில் போட்டிருந்தார். மீதியைக் கட்டடக்காரருக்கு அனுப்பத் தோதாகக் கணக்கில் போட்டுவையுங்கள் என்று ஒரு சனிக்கிழமை அக்கா அவர் கையில் கொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய வாரம்தான் குழுவில் அந்த மகத்தான யோசனை பிறந்திருந்தது.

யோசனை யாருடையது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது, அதனால் சொல்லவில்லை. நாமெல்லாம் கம்பெனியின் முதலாளிகள். முதலாளியே சரக்கை வாங்காவிட்டால் யார் வாங்குவார்கள்? ஆளுக்கு ஒரு டஜன் சோப்பு. ஒரே கடையில் மொய்க்காமல் பிரித்து வாங்குவது. கடைகளில் சரக்குத் தீரும், கடைக்காரர்கள் ஆர்டர் போடுவார்கள், கம்பெனி நிமிரும், ஷேர் ஏறும். நாற்பத்து மூன்று பேரும் கைதட்டும் பொம்மை போட்டோம். சோப்பு சார் ஆர்வத்தில் நாலு டஜன் வாங்கிப் பரணில் ஏற்றினார், அக்காவுக்குத் தெரியாமல், வேறு தெருக் கடைகளில். நாங்கள் சிலர், வேறு தெரு வரை நடப்பானேன் என்று, அக்கா கடையிலேயே வாங்கினோம்.

அக்காவுக்கு அன்றே நெருடியிருக்கிறது. மாதக்கணக்காகத் தூசு தட்டி வைத்திருந்த சரக்கு. வாங்க வந்தவர்கள் எல்லாரும் நடுவயது ஆண்கள். எல்லாருக்கும் சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டு. வேறு ஒரு தீப்பெட்டி கூட வாங்கவில்லை, விலை கேட்கவில்லை, கொடுக்கும்போது முகத்தில் தானம் செய்கிற களை. வீட்டுக்குப் போய் இதையெல்லாம் விவரமாகத்தான் சொன்னார்கள். சோப்பு சார் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: சரக்கு தீர்ந்துவிட்டது.

அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கடையிலேயே சரக்கு இல்லை என்று குழுவில் போட்டார். எங்கள் தெருவிலும் இல்லை என்றார் ஒருவர். எங்கள் பக்கம் மூன்று கடையிலும் காலி என்றார் இன்னொருவர். அந்த மூன்று கடையையும் காலி செய்தவர் அவரே. கோடு வாத்தியார் மேல்நோக்கி ஒரு கோடு போட்டார். அவர் மேல்நோக்கிக் கோடு போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. யார் வாங்கினார்கள் என்ற கேள்வி மட்டும் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. எப்படி வரும்? ஆளுக்கு ஒரு டஜன்தானே வாங்கினோம். கடை காலியாகியிருக்கிறதே. மீதியை ஜனங்கள்தானே வாங்கியிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை சோப்பு சார், கணக்கில் போட்டுவைக்கக் கொடுத்த அந்த மீதிப் பணத்தையும் எடுத்து ஆவரேஜ் பண்ணினார். செவ்வாய் மாலை ரிசல்ட். புதன் ஏறும். வியாழன் விற்றுவிடலாம். அட்வான்ஸும் ஆச்சு, குளிர்ப்பெட்டியும் ஆச்சு. கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். பெண்டாட்டிக்கு ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

செவ்வாய் மாலை ரிசல்ட் வந்தது. மூன்று மாதம் முன்பு தொடங்கிப் போன மாதக் கடைசியோடு முடிந்த கணக்கு அது. நாங்கள் இந்த மாதம் வாங்கிய சோப்புக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை என்பதை, ரிசல்ட்டைப் படித்த பிறகுதான் எங்களில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். விற்பனை இன்னும் குறைவு. புதன்கிழமை காலை விலை தொண்ணூற்று இரண்டு. குழுவில் ஒருவர், சோப்பை என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நான் என் டஜனைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர், மூன்று பை. கோடு வாத்தியாரை அவர் போட்டோவை வைத்து அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வரிசையில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. உள்ளே, அலுவலகம் விட்டு வந்த சோப்பு சார், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து போயிருப்பார். வழியை நாங்கள்தான் அடைத்துக்கொண்டு நின்றோம்.

அக்கா நாலு பைகளையும் கல்லாவின் மேல் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண என்ன இருக்கிறது? எல்லாம் பன்னிரண்டுதான். எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்களா என்று கேட்டார்கள். கோடு வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவர். குழுவையும் யோசனையையும், சார் வீட்டுக் கடை என்று தெரியாமல் வாங்கிவிட்டதையும் ஒப்பித்துவிட்டார். அக்கா ஒரு பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார்கள்.

"அந்த சோப்பை கம்பெனி எனக்கு வித்தது போன வருஷம். அவங்க காசு அப்பவே வாங்கிட்டாங்க. நீங்க வாங்கினது என்கிட்ட" என்றார்கள்.

எங்கள் நாலு பேருக்கும் தலை குனிந்தது. அக்கா வியாபாரி, சும்மா அனுப்பமாட்டார்கள். தூசு பிடித்துக் கிடந்தது போய்த் தொலைந்ததே என்று இருந்தேன், இருந்தாலும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதற்குப் பாதியாவது கையில் வரும். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? முதலில் நின்றவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாதிக்கெல்லாம் கட்டாதும்மா. வாங்கின விலைன்னா தரேன்."

அடுத்தவரும் இழுத்துக்கொண்டார். கோடு வாத்தியாரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும். என் கை தானாகப் போய்விட்டது.

அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பைகளைப் பார்த்தார்கள், பிறகு ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தார்கள். அறைக்கு வைத்திருந்த பணம் எங்கே என்று கேட்டார்கள். அவர், இருக்கிறது, கொஞ்சம் கீழே இருக்கிறது என்றார். மீதி? அதுவும் அங்கேதான். அக்காவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். நாலு வருடம், காலை ஐந்தரை மணிக்குக் கதவு திறந்த நாலு வருடம் அது. எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது, பை கனத்தது.

விற்றுக் கொடுங்கள் என்றார்கள். இப்போது விற்றால் நஷ்டம், இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறு, வாங்கின விலைக்கு வந்ததும் முதல் வேலையாக என்று அவர் தொடங்கினார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

"என் கடையில ஒரு சரக்கு போகலன்னா நான் என்ன பண்றேன்?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "பாதி விலைக்குத் தள்ளிட்டு, போற சரக்கை வாங்கி வெக்கறேன். வாங்கின விலை வரட்டும்னு வெச்சிருந்தா இந்நேரம் கடையில எலிதான் குடியிருக்கும். சரி, அதை விடுங்க. உங்ககிட்ட அந்த ஷேரே இல்லன்னு நெனச்சுக்கோங்க. இன்னைக்கு என்ன பெறுதோ அந்தக் காசு கையில ரொக்கமா இருக்கு. கடைத் தெருவுல நிக்கறீங்க. அந்த ஷேரை வாங்குவீங்களா, பக்கத்து ரூமுக்கு அட்வான்ஸ் குடுப்பீங்களா?"

"ரூமுக்குத்தான்" என்றார் சோப்பு சார்.

சட்டென்று சொல்லிவிட்டார். யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பரிவு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வியாழன் காலை சந்தை திறந்ததும் அக்கா பக்கத்தில் நிற்க, விற்றார். தொண்ணூற்று ஒன்று சொச்சம். வெள்ளிக்கிழமை பணம் கணக்கில் விழுந்தது. அட்வான்ஸுக்குப் போதவில்லை. அக்கா கட்டடக்காரரிடம் போய், தையல்காரர் விட்டுப்போன உடைந்த ஷட்டரையும் ஒழுகும் கூரையையும் தானே சரிசெய்துகொள்வதாகச் சொல்லி, அதற்கு ஈடாக அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் நின்று பேசி முடித்துவிட்டார்கள். செல்போன் கவர்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இப்போது நடுச்சுவரில் ஒரு வழி திறந்து, குளிர்ப்பெட்டி போட்டு, பால் தயிர் எல்லாம் ஓடுகிறது. தவணையில் எடுத்த பெட்டி, ஒன்றுதான். ஆனாலும் காலையில் கூட்டம் நிற்கிறது.

சோப்பு சார் திருந்திவிட்டார், சுபம் என்று எழுந்துவிடாதீர்கள், உட்காருங்கள். அவர் விற்ற மறுநாள், அதே வெள்ளிக்கிழமை, ஷேர் ஒரு ரூபாய் நாற்பது காசு ஏறியது. இரண்டு வருடத்தில் எண்பத்தெட்டு ரூபாய் இறங்கியபோது நஷ்டம் என்ற சொல் தெரியாத மனிதருக்கு, அன்று காலை அந்தச் சொல் தெரிந்துவிட்டது. குளிர்ப்பெட்டியில் பால் எடுக்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, இந்த ரூமால எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்று ஒரு ரூபாய் நாற்பது காசைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்கிறார். அக்கா பின்னாலிருந்து தயிர்ப் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். அடுத்த வாரம் ஷேர் எண்பத்தைந்துக்குப் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவில்லையாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. விற்றவர் குழுவிலிருந்து விலகவில்லை. விற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விற்ற அன்று மாலையும் வழக்கம்போல, உறுதியாக இருங்கள், பயப்படாதீர்கள், நீண்டகாலம் பாருங்கள் என்று போட்டார். நாற்பத்தொரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் உயர்த்திய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் எத்தனை பேர் கையில் உண்மையில் இன்னும் ஷேர் இருக்கிறது? என்னை உறுதியாக இருக்கச் சொல்கிற கோடு வாத்தியார் போன வருடமே விற்றிருந்தால்? ஒருவேளை நாற்பத்து மூன்று பேரில் இன்னும் வைத்திருப்பது நான் ஒருவன்தானா? அக்கா கேட்ட கேள்வியை என்னிடம் நானே கேட்டுக்கொண்டால் பதில் தெரிந்துவிடும். கேட்பதாகத்தான் இருக்கிறேன். விலை கொஞ்சம் தேறட்டும்.

உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. உங்களிடம் ஷேர் கிடையாது, அதனால்தான் இவ்வளவு நேரம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தீர்கள். சந்தோஷம். போவதற்கு முன் உங்கள் வீட்டை மட்டும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். துணி காய்வதற்கென்றே ஓரமாக நிற்கும் அந்த உடற்பயிற்சி மெஷின். வேறு வழியில்லாமல் பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டே போய்வரும் அந்த வேலை. யார் முதலில் பேசுவது என்று அண்ணனோடு ஆறு வருடமாக வைத்திருக்கும் அந்தக் கோபம். அது உங்களிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத் தெருவில் நிற்கிறீர்கள். அதை ஒருவர் உங்கள் முன்னால் நீட்டி, இந்த விலை, வேண்டுமா என்று கேட்கிறார். இன்றைக்குப் புதிதாகக் காசு கொடுத்து வாங்குவீர்களா?

'அது வேற விஷயம்' என்று இப்போது மனசுக்குள் சொன்னீர்களே, குழுவில் நாங்களும் தினம் காலையில் அதைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.